அமெரிக்க அதிபர் வேட்பாளரை ஆரம்பத்தில் தேர்ந்தெடுத்தது யார்?

அமெரிக்க அதிபர் தேர்தல் செய்திகளைப் பின்தொடர்பவர்களுக்கு ஒரு வரிசை பழகியிருக்கும். முதலில் மாநிலம் மாநிலமாகப் பிரைமரி (கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே ஓட்டுப் போட்டுச் சொல்லும் முதல்கட்டத் தேர்தல்), கோடையில் ஒரு பெரிய அரங்கில் கட்சி மாநாடு, நவம்பரில் வாக்குப்பதிவு. இதில் பிரைமரியும் மாநாடும் அந்த நாட்டு அரசமைப்புச் சட்டத்தில் இல்லவே இல்லை. வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்க வேண்டும், எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. கட்சி என்ற சொல்லும் கிடையாது. 1787-ல் அதை எழுதியவர்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். அடுத்த ஐம்பது, அறுபது வருடங்களில் அந்தக் காலியிடத்தில் யார் யார் வந்து உட்கார்ந்தார்கள், அவர்களை அங்கிருந்து யார் எழுப்பினார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

தேர்தல் வரலாறு என்றால் யாருக்கெல்லாம் ஓட்டு இருந்தது என்பதைத்தான் அதிகம் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் போட்டியில் நிற்கும் இரண்டு பேர் யார் என்பதை முன்கூட்டியே சிலர் முடிவு செய்துவிட்டால், ஓட்டுப் போடுபவர் கையில் மிஞ்சுவது பாதி முடிவுதான். அந்த முதல் பாதி யார் கையில் இருந்தது என்பதற்காக அமெரிக்காவில் நடந்த சண்டை, ஓட்டுரிமைச் சண்டைக்குக் குறைந்ததல்ல என்பது என் எண்ணம்.

வேட்பாளரே இல்லாத தேர்தல்

முதலில் அவர்கள் எழுதிவைத்த முறையைப் பார்த்துவிடலாம். இது கொஞ்சம் சுற்றிவளைத்த ஏற்பாடு.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் காங்கிரஸ். அதில் பிரதிநிதிகள் சபை, செனட் என்று இரண்டு அவைகள். ஒரு மாநிலத்துக்கு இந்த இரண்டு அவைகளிலும் சேர்த்து எத்தனை இடமோ, அத்தனை ‘தேர்வாளர்களை’ அந்த மாநிலம் நியமிக்கும். எப்படி நியமிப்பது என்பது அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பம். சில மாநிலங்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலவற்றில் சட்டமன்றமே ஆட்களை நியமித்துவிட்டது. தேர்வாளர்கள் அவரவர் மாநிலத்திலேயே கூடி வாக்களிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. இரண்டையும் வெவ்வேறு ஆட்களுக்குப் போட வேண்டும். அந்த இருவரில் ஒருவராவது வெளிமாநிலத்துக்காரராக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, தேர்வாளர்களில் பாதிப் பேருக்கு மேல் ஆதரவு பெற்று முதலில் வருபவர் அதிபர். இரண்டாவதாக வருபவர் துணை அதிபர். யாருக்கும் அந்தப் பெரும்பான்மை இல்லையென்றால், முதல் ஐந்து பேரில் ஒருவரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும். அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. பெரிய மாநிலம், சிறிய மாநிலம் என்ற பேதம் கிடையாது.

1787-ல் ஃபிலடெல்ஃபியாவில் இதை விவாதித்தபோது வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் ஒன்றைச் சொன்னார்: இருபது தடவையில் பத்தொன்பது தடவை தேர்வாளர்களால் முடிவு எட்ட முடியாது, விஷயம் காங்கிரஸிடம்தான் வந்து நிற்கும் என்று. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சாலைகள் மோசம், ஒரு கடிதம் தெற்கிலிருந்து வடக்கே போக வாரக்கணக்கில் ஆகும். ஜார்ஜியாக்காரருக்கு நியூ ஹாம்ப்ஷரின் பெரிய மனிதர் யார் என்று எப்படித் தெரியும்? அவரவர் தம் ஊர்க்காரருக்கே போடுவார்கள், வாக்குகள் சிதறும். அதனால்தான் ஒரு வாக்கு வெளிமாநிலத்தவருக்கு என்ற கட்டாயமே வந்தது. மேசனின் கணக்குப்படி பார்த்தால் தேர்வாளர்களின் உண்மையான வேலை, ஐந்து நல்ல பெயர்களைப் பொறுக்கிக் கொடுப்பது. அதாவது வேட்பாளரை முன்மொழிவது. அதிபரை முடிவு செய்வது காங்கிரஸ். காலியிடம் என்று மேலே சொன்னேன். அவர்கள் மனதில் அது காலியாக இல்லை, தேர்வாளர்களே அதை நிரப்பிவிடுவார்கள் என்று நம்பினார்கள்.

இந்த நம்பிக்கை முதல் இரண்டு தேர்தல்களில் சோதனைக்கே வரவில்லை. காரணம் ஜார்ஜ் வாஷிங்டன். 1789-ல் வாக்களித்த 69 தேர்வாளர்களும் தங்கள் இரண்டு வாக்கில் ஒன்றை அவருக்குப் போட்டார்கள். அவர் போட்டியிடுகிறேன் என்று எங்கும் சொல்லவில்லை. வேட்புமனு என்ற ஒன்றே கிடையாது. ஏப்ரல் 14 அன்று காங்கிரஸின் தூதராக சார்லஸ் தாம்சன் மவுண்ட் வெர்னானில் உள்ள அவருடைய வீட்டுக்கு வந்து, நீங்கள் அதிபராகிவிட்டீர்கள் என்று அறிவித்தார். 1792-ல் தேர்வாளர் எண்ணிக்கை 132; அத்தனை பேரும் மறுபடி வாஷிங்டனுக்கே.

ஆனால் திரைமறைவு வேலை அப்போதே தொடங்கிவிட்டது. 1789-ல் எல்லாரும் இரண்டாவது வாக்கை ஜான் ஆடம்ஸுக்குப் போட்டால் அவரும் வாஷிங்டனும் சமமாகிவிடுவார்களே என்று நியூயார்க் அரசியல்வாதி அலெக்சாண்டர் ஹாமில்டனுக்குக் கவலை வந்தது. சில வாக்குகளை வேறு பக்கம் திருப்பிவிடச் சொல்லிக் கடிதம் எழுதினார். ஆடம்ஸுக்குக் கிடைத்தது 34. முறையின் ஓட்டை முதல் தேர்தலிலேயே ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது.

கதவைச் சாத்திக்கொண்ட கூட்டம்

வாஷிங்டன் 1796 செப்டம்பரில், மூன்றாவது முறை வேண்டாம் என்று விடைபெற்றார். அதற்குள் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. ஹாமில்டன், ஆடம்ஸ் பக்கம் ஃபெடரலிஸ்டுகள். தாமஸ் ஜெஃபர்சன், ஜேம்ஸ் மேடிசன் பக்கம் ரிபப்ளிகன்கள். (இன்றைய ரிபப்ளிகன் கட்சி 1850-களில் பிறந்தது; அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜெஃபர்சனின் கட்சியை வரலாற்றாசிரியர்கள் டெமாக்ரடிக்-ரிபப்ளிகன் என்பார்கள்.) கட்சி என்று வந்தவுடன் ஒரு நடைமுறைச் சிக்கலும் வந்தது. நம் ஆட்கள் எல்லாரும் ஒரே பெயருக்கு வாக்களிக்காவிட்டால் எதிராளி ஜெயித்துவிடுவான். அப்படியென்றால் யாராவது கூடி, ‘இவர்தான் நம் ஆள்’ என்று சொல்லியாக வேண்டும்.

1796-ல் இது கடிதங்களிலும் வீட்டுப் பேச்சுகளிலும் ஒப்பேறியது. விளைவு அரைகுறையாக இருந்தது. ஃபெடரலிஸ்டுகள் ஆடம்ஸையும் தாமஸ் பின்க்னியையும் நிறுத்தினார்கள். ஹாமில்டன் உள்ளுக்குள் பின்க்னியை முன்னே தள்ளப் பார்க்கிறார் என்ற சந்தேகத்தில், ஆடம்ஸின் சொந்தப் பகுதியான வடகிழக்கு நியூ இங்கிலாந்துத் தேர்வாளர்கள் பலர் பின்க்னிக்குப் போடவில்லை. முடிவில் ஆடம்ஸ் 71, ஜெஃபர்சன் 68, பின்க்னி 59. ஆகவே அதிபர் ஒரு கட்சி, துணை அதிபர் எதிர்க்கட்சி. நான்கு வருடம் இருவரும் அப்படியே ஓட்டினார்கள்.

1800-ல் இரண்டு கட்சிகளும் பாடம் கற்றிருந்தன. தலைநகரம் அப்போது ஃபிலடெல்ஃபியா. நாடு முழுவதிலிருந்தும் வந்த கட்சிக்காரர்கள் ஏற்கெனவே ஒரே ஊரில் இருக்கிறார்கள் என்றால் அது காங்கிரஸ் உறுப்பினர்கள் மட்டும்தான். ஆக, வேலை அவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. அந்த மே மாதத்தில் ஃபெடரலிஸ்ட் உறுப்பினர்கள் தனியாகக் கூடி ஆடம்ஸ், சார்லஸ் கோட்ஸ்வொர்த் பின்க்னி என்ற இரு பெயர்களை முடிவு செய்தார்கள். அதே மாதம் ரிபப்ளிகன் உறுப்பினர்கள் மராஷ் என்பவரின் தங்கும் விடுதியில் கூடினார்கள். ஜெஃபர்சன் பற்றிப் பேச்சே எழவில்லை, அது முடிந்த முடிவு. துணை அதிபராக நியூயார்க்கின் ஆரன் பர் என்று தீர்மானித்துவிட்டு எழுந்தார்கள்.

இப்படிக் காங்கிரஸின் கட்சி உறுப்பினர்கள் கூடி வேட்பாளரை முடிவு செய்யும் கூட்டத்துக்குப் பெயர்தான் காக்கஸ். அடுத்த கால் நூற்றாண்டுக்கு அமெரிக்க அதிபர்களை உருவாக்கிய இடம் இது.

முதல் காக்கஸே அரசமைப்புச் சட்டத்தை உடைத்துவிட்டது என்று சொல்லலாம். ரிபப்ளிகன் தேர்வாளர்கள் 73 பேரும் கட்டுக்கோப்பாக, ஒருவர்கூடப் பிசகாமல், ஜெஃபர்சனுக்கு ஒன்று, பர்ருக்கு ஒன்று என்று போட்டார்கள். இருவருக்கும் 73. பர்ருக்கு ஒரு வாக்கு குறைத்துப் போட வேண்டும் என்பதை யாரும் உறுதிசெய்யவில்லை. சட்டப்படி பார்த்தால், எந்த வாக்கு அதிபருக்கு, எந்த வாக்கு துணை அதிபருக்கு என்ற வேறுபாடே கிடையாது. விஷயம் பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே ஜெஃபர்சனைப் பிடிக்காத ஃபெடரலிஸ்டுகள் பர்ருக்கு வாக்களித்தார்கள். 16 மாநிலங்களில் 9 வேண்டும். ஜெஃபர்சனுக்கு 8 தான் கிடைத்தது. 1801 பிப்ரவரி 11-ல் தொடங்கி, 35 சுற்று வாக்கெடுப்பும் அதே இடத்தில் நின்றது. 17-ஆம் தேதி 36-வது சுற்றில்தான் சில ஃபெடரலிஸ்டுகள் விலகி வழிவிட, ஜெஃபர்சன் அதிபரானார். தேர்வாளர்கள் சுயமாக யோசிப்பார்கள் என்று எழுதப்பட்ட முறை, அவர்கள் கட்சி சொன்னபடி நடந்தவுடன் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. 1804-ல் பன்னிரண்டாவது திருத்தம் வந்தது. அதன்படி அதிபருக்கு ஒரு வாக்கு, துணை அதிபருக்குத் தனியாக ஒரு வாக்கு. பெரும்பான்மை இல்லாவிட்டால் சபைக்குப் போகும் பெயர்களும் ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்தன.

ஆறு பேர் மனம் மாறியிருந்தால்

ஃபெடரலிஸ்ட் கட்சி 1800-க்குப் பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்தது. இதன் அர்த்தத்தைக் கவனியுங்கள். ஒரே ஒரு பெரிய கட்சிதான் இருக்கிறது என்றால், அந்தக் கட்சியின் காக்கஸில் ஜெயிப்பவர் கிட்டத்தட்ட அதிபராகவே ஆகிவிட்டார். நவம்பரிலும் டிசம்பரிலும் நடப்பது ஒப்புக்குத்தான்.

1808 ஜனவரியில் வெர்மான்ட் செனட்டர் ஸ்டீஃபன் பிராட்லி, முந்தைய காக்கஸின் தலைவர் என்ற முறையில் தனக்குள்ள அதிகாரத்தின்படி அழைக்கிறேன் என்று உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். யார் கொடுத்த அதிகாரம் என்று சிலர் கொதித்தார்கள். கூட்டம் நடந்தது. மேடிசனுக்கு 83 வாக்கு. ஜார்ஜ் கிளின்டனுக்கும் ஜேம்ஸ் மன்றோவுக்கும் தலா 3. ஜான் ராண்டால்ஃப் உள்ளிட்ட 17 உறுப்பினர்கள் இந்த முறையையே எதிர்த்து அறிக்கை வெளியிட்டார்கள். மேடிசன்தான் அதிபரானார்.

1816-ஆம் வருடக் காக்கஸ்தான் எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது. மன்றோவுக்கு 65 வாக்கு, வில்லியம் கிராஃபோர்டுக்கு 54. வித்தியாசம் 11. அந்த அறையில் ஆறு பேர் மனம் மாறியிருந்தால் 60-க்கு 59 என்று கிராஃபோர்டு ஜெயித்திருப்பார். அந்த வருடப் பொதுத் தேர்தலில் மன்றோ 183 தேர்வாளர் வாக்கும், ஃபெடரலிஸ்ட் ரூஃபஸ் கிங் 34 வாக்கும் பெற்றார்கள். உண்மையான போட்டி எங்கே நடந்தது என்பதை இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். ஒரு நாட்டின் அதிபர் யார் என்பதை 119 பேர் வாக்களித்த ஓர் அறை தீர்மானித்தது.

காக்கஸுக்கு ஆதரவாகவும் நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வேட்பாளர்களை நேரில் பழகித் தெரிந்துவைத்திருந்தவர்கள் காங்கிரஸ் உறுப்பினர்கள்தான். தந்தி இல்லாத, ரயில் இல்லாத நாட்டில் வேறொரு தேசியக் கூட்டத்தைக் கூட்டுவது பெரும் செலவு, பெரும் அலைச்சல். அவர்களும் மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள்தானே என்ற வாதமும் இருந்தது.

எதிர்ப்புகள் இதைவிட வலுவானவை. அரசமைப்புச் சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: காங்கிரஸ் உறுப்பினர் எவரும் தேர்வாளராக இருக்கக் கூடாது. அதிபர் காங்கிரஸின் தயவில் வாழக்கூடாது என்பதற்காகவே அந்தத் தடை. வாசலில் நிற்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் பின்கட்டு வழியாக உள்ளே வந்து, அதிபரையே பொறுக்கிக் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாவது பதவிக்காலம் வேண்டும் என்று நினைக்கும் அதிபர் அவர்களைப் பகைத்துக்கொள்வாரா? அப்புறம், ஒரு தொகுதியில் உங்கள் கட்சி தோற்றுப்போயிருந்தால், அந்தத் தொகுதியின் கட்சிக்காரர்களுக்குக் காக்கஸில் குரலே இல்லை. எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் சரி. இந்தக் கடைசிக் குறை பின்னால் மாநாட்டு முறை பிறப்பதற்கு முக்கியக் காரணமானது. இதோடு, ஜெஃபர்சன், மேடிசன், மன்றோ என்று 24 வருடம் தொடர்ந்து வர்ஜீனியாக்காரர்களே வந்ததும் மற்ற மாநிலங்களுக்கு உறுத்தியது. இந்த வெறுப்பில் காக்கஸுக்கு ‘கிங் காக்கஸ்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. மன்னராட்சியை எதிர்த்துப் போரிட்டு விடுதலை பெற்ற ஒரு தலைமுறைக்கு அதைவிடக் கடுமையான வசை கிடையாது.

காலி நாற்காலிகளுக்கு நடுவே

1820-ல் காக்கஸுக்கு அழைப்பு போனது. வந்தவர்கள் கொஞ்சம் பேர். யாரையும் முன்மொழியாமலே கலைந்தார்கள். மன்றோவுக்கு எதிராக நிற்கவே ஆள் இல்லை. 231 வாக்கு அவருக்கு, ஒரே ஒரு வாக்கு முன்னாள் அதிபர் ஆடம்ஸின் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு.

1824-ல் மன்றோவுக்குப் பின் யார் என்ற கேள்வி வந்தபோது ஒரே கட்சிக்குள்ளிருந்து ஐந்து பேர் கிளம்பினார்கள். மன்றோவின் அமைச்சரவையிலேயே மூன்று பேர்: வெளியுறவுச் செயலர் ஜான் குவின்சி ஆடம்ஸ், நிதிச் செயலர் கிராஃபோர்டு, போர்த்துறைச் செயலர் ஜான் கால்ஹூன். கூடவே பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஹென்றி கிளே, நியூ ஆர்லியன்ஸ் போரில் ஆங்கிலேயரைத் தோற்கடித்த ஜெனரல் ஆண்ட்ரூ ஜாக்சன். இவர்களில் காக்கஸில் ஜெயிக்க வாய்ப்பிருந்தவர் கிராஃபோர்டு ஒருவர்தான். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? காக்கஸே கூடாது என்றார்கள். 1822-லேயே டென்னசி சட்டமன்றம் ஜாக்சனை முன்மொழிந்துவிட்டது, கென்டக்கி சட்டமன்றம் கிளேயை. 1823-ல் டென்னசி இன்னொரு படி மேலே போய், காங்கிரஸ் காக்கஸைக் கண்டித்துத் தீர்மானம் போட்டு மற்ற மாநிலங்களுக்கும் அனுப்பியது.

கிராஃபோர்டுக்காகக் காக்கஸைக் கூட்டியே தீருவது என்று நின்றவர் நியூயார்க் செனட்டர் மார்ட்டின் வான் பியூரன். இவர் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் கடைசிவரை வருவார். கட்சிக்கு ஒரு பொது முடிவு இல்லாவிட்டால் கட்சியே சிதறிவிடும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

1824 பிப்ரவரி 14. வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை மண்டபம். மாடத்தில் வேடிக்கை பார்க்க வந்த பொதுமக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே உறுப்பினர்கள் உட்காரும் இடத்தில் பெரும்பாலான நாற்காலிகள் காலி. இரண்டு அவைகளிலும் சேர்த்துக் காங்கிரஸில் 261 இடம். வந்திருந்தவர்கள் 66 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் நியூயார்க், வர்ஜீனியா, வட கரோலினா, ஜார்ஜியா என்ற நான்கு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். கிராஃபோர்டுக்கு 64 வாக்கு கிடைத்தது. அதைக் கொண்டாட ஆள் இல்லை. போதாக்குறைக்கு, முந்தைய வருடம்தான் கிராஃபோர்டுக்குப் பக்கவாதம் வந்து, அவர் முழுதாகத் தேறியிருக்கவில்லை. காக்கஸின் ஆசி அவருக்குப் பலமாக இருப்பதற்குப் பதில் சுமையாகிப்போனது. வேட்பாளரை முன்மொழிய அப்படியொரு காக்கஸ் அதன்பின் கூடவில்லை.

அந்தத் தேர்தலின் முடிவு: ஜாக்சன் 99, ஆடம்ஸ் 84, கிராஃபோர்டு 41, கிளே 37. கால்ஹூன் முன்பே ஒதுங்கித் துணை அதிபர் பதவிக்குப் போய்விட்டார். அப்போது 24 மாநிலங்களில் 18-ல் மக்களே தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மக்கள் வாக்கிலும் ஜாக்சன்தான் முன்னிலை. ஆனால் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. மறுபடி பிரதிநிதிகள் சபை. முதல் மூன்று பேருக்கு மட்டுமே இடம் என்பதால் கிளே வெளியே. ஆனால் சபாநாயகரே அவர்தான். கிளேயின் மாநிலமான கென்டக்கியின் பிரதிநிதிகள் ஜாக்சனுக்கு வாக்களிக்க வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டமன்றம் சொல்லியிருந்தும், அவர்கள் வாக்கு ஆடம்ஸுக்குப் போனது. 1825 பிப்ரவரி 9-ல் முதல் சுற்றிலேயே 13 மாநிலங்களுடன் ஆடம்ஸ் அதிபர். கொஞ்ச நாளில் கிளே வெளியுறவுச் செயலர். ‘ஊழல் பேரம்’ என்று ஜாக்சன் ஆதரவாளர்கள் போட்ட சத்தம் நான்கு வருடம் ஓயவில்லை. பேரம் நடந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் தலைநகரத்தில் சிலர் கூடி அதிபரை முடிவு செய்வதை மக்கள் இனிப் பொறுக்க மாட்டார்கள் என்பது தெளிவாகிவிட்டது.

டென்னசி சட்டமன்றம் அடுத்த தேர்தலுக்கு மூன்று வருடம் முன்பே, 1825 அக்டோபரில், ஜாக்சனை மறுபடி முன்மொழிந்தது. 1828-ல் காக்கஸும் இல்லை, தேசிய மாநாடும் இல்லை. மாநிலச் சட்டமன்றங்கள், மாநில அளவிலான கூட்டங்கள், பத்திரிகைகள், இவைதான். 1824-ல் பதிவான மக்கள் வாக்கு சுமார் 3.6 லட்சம், 1828-ல் 11 லட்சத்துக்கும் மேல். ஜாக்சன் 178-க்கு 83 என்று ஆடம்ஸைத் தோற்கடித்தார்.

இந்த ‘மக்கள்’ யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சொத்து இருந்தால்தான் ஓட்டு என்ற நிபந்தனை இந்த வருடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் விலகிக்கொண்டிருந்தது, வெள்ளை ஆண்களுக்கு மட்டும். நியூயார்க் 1821-ல் புதிய அரசமைப்பு எழுதியபோது கறுப்பின ஆண்களுக்கு 250 டாலர் சொத்து வேண்டும் என்ற நிபந்தனையை வைத்தது. பெண்களுக்கும், அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கும், பூர்வகுடிகளுக்கும் இந்தக் கதை நெடுகிலும் இடமில்லை. காக்கஸிலும் இல்லை, பின்னால் வந்த மாநாட்டிலும் இல்லை.

பால்டிமோருக்கு வந்த பிரதிநிதிகள்

முதல் தேசிய மாநாட்டை நடத்தியது ஒரு சின்னக் கட்சி. 1826-ல் நியூயார்க் மாநிலத்தின் படேவியா என்ற சிற்றூரில் வில்லியம் மோர்கன் என்பவர் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் உள்விவகாரங்களைப் புத்தகமாக வெளியிடப்போவதாகச் சொன்னார். அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்குக் கிடைத்த தண்டனை லேசானது. அதிகாரிகளிலும் நீதிபதிகளிலும் பலர் அந்தச் சங்கத்தினர்தான் என்ற கோபம் பரவி, ஃப்ரீமேசன் எதிர்ப்புக் கட்சி பிறந்தது.

இவர்களுக்குக் காங்கிரஸில் ஆள் பலம் குறைவு. காக்கஸ் நடத்த நினைத்தாலும் முடியாது. ரகசியக் கூட்டங்களை எதிர்ப்பதற்காகவே பிறந்த கட்சி கதவைச் சாத்திக்கொண்டு வேட்பாளரைப் பொறுக்கவும் முடியாது. ஆனால் மாவட்ட, மாநில அளவில் பிரதிநிதிகள் மாநாடு என்பது அதற்குள் பழகிய விஷயமாகியிருந்தது. பென்சில்வேனியாவில் 1824-லேயே ஹாரிஸ்பர்க் நகரில் மாநாடு கூட்டி ஜாக்சனை முன்மொழிந்திருந்தார்கள். சட்டமன்றத்தில் ஆள் இல்லாத தொகுதிகளிலிருந்தும் பிரதிநிதிகளை அழைத்து உட்காரவைக்கும் வழக்கம் மாநிலங்களில் வளர்ந்திருந்தது. அதையே நாடு முழுவதற்கும் விரித்தார்கள். 1831 செப்டம்பரில் பால்டிமோர் நகரில் 116 பிரதிநிதிகள் கூடி, முன்னாள் அட்டர்னி ஜெனரல் வில்லியம் விர்ட்டை வேட்பாளராக அறிவித்தார்கள். இளமையில் தானும் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தவன்தான் என்று விர்ட் அவர்களிடமே சொன்னார். அப்படியும் அவர்தான் வேண்டும் என்றார்கள். தேர்தலில் வெர்மான்ட் மட்டும், 7 வாக்கு. கட்சி சில வருடங்களில் கரைந்தது. அது அறிமுகப்படுத்திய முறை தங்கிவிட்டது.

பழைய ரிபப்ளிகன் கட்சி இதற்குள் ஜாக்சன் ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டாக உடைந்திருந்தது. அதே வருட டிசம்பரில் ஜாக்சனின் எதிரிகளான தேசிய ரிபப்ளிகன்கள் அதே பால்டிமோரில் கூடி ஹென்றி கிளேயை நிறுத்தினார்கள். 1832 மே மாதம் ஜாக்சனின் டெமாக்ரடிக் கட்சியும் அங்கேயே வந்தது. ஏன் பால்டிமோர்? தலைநகரம் பக்கம், வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில், கப்பலிலும் சாலையிலும் எளிதில் வந்துசேரலாம்.

டெமாக்ரட்டுகள் அதிபர் வேட்பாளரைத் தேடவில்லை. ஜாக்சனை மாநிலங்கள் ஏற்கெனவே முன்மொழிந்திருந்தன. அதை மாநாடு ஆமோதித்தது, அவ்வளவுதான். வேலை துணை அதிபருக்கு. அங்கே வந்தார் மார்ட்டின் வான் பியூரன். அந்த ஜனவரியில் அவரைப் பிரிட்டனுக்கான தூதராக நியமித்ததைச் செனட் நிராகரித்தது, அதுவும் வாக்குகள் சமமானபோது துணை அதிபர் கால்ஹூன் போட்ட ஒரு வாக்கால். அந்த அவமானத்துக்குப் பதிலாக, கால்ஹூன் இருந்த நாற்காலிக்கே வான் பியூரனைக் கொண்டுவர ஜாக்சன் விரும்பினார். முதல் சுற்றிலேயே வான் பியூரனுக்கு 283-ல் 208.

அந்த மாநாட்டில் இரண்டு விதிகள் வந்தன. ஒன்று, எந்த மாநிலத்திலிருந்து எத்தனை பேர் வந்தாலும் அதன் வாக்கு அதன் தேர்வாளர் எண்ணிக்கைதான். இரண்டு, வேட்பாளராக மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கட்சி ஒற்றுமையாக நிற்கிறது என்று காட்டத்தான் இரண்டாவது விதி.

முதல் விதி எப்படி வேலை செய்தது என்பதற்கு 1835 மாநாடு நல்ல உதாரணம். அதுவும் பால்டிமோர்தான். உள்ளூரான மேரிலாந்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். ஜாக்சனின் சொந்த மாநிலமான டென்னசியிலிருந்து ஒருவரும் வரவில்லை, அங்கே வேறொருவருக்கு ஆதரவு. ரக்கர் என்ற டென்னசிக்காரர் தற்செயலாக அந்த ஊரில் இருந்தார். அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தார்கள். டென்னசியின் 15 வாக்கையும் அவர் ஒருவரே போட்டார். அதிபர் வேட்பாளர் வான் பியூரனுக்கு அது தேவைப்படவில்லை. துணை அதிபர் வேட்பாளர் ரிச்சர்ட் ஜான்சன் மூன்றில் இரண்டு பங்கை எட்டியதே அந்த 15 வாக்கால்தான். மாநாடு என்றால் மக்கள் குரல் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? காக்கஸை விட இது திறந்த இடம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே யாரை விடுவது என்று தீர்மானிக்கும் கட்சி நிர்வாகிகள் இங்கேயும் வாசலில் நின்றார்கள்.

ஜாக்சனை எதிர்த்துப் புதிதாகக் கிளம்பிய விக் கட்சி 1836-ல் மாநாடே நடத்தாமல், பகுதிக்கு ஒருவராக ஹாரிசன், வைட், வெப்ஸ்டர் என்று பல பேரை நிறுத்திப் பார்த்தது. வான் பியூரன் 170 வாக்குடன் ஜெயித்தார். அடுத்த முறை அவர்களும் வழிக்கு வந்தார்கள். 1839 டிசம்பரில் ஹாரிஸ்பர்க்கில் மாநாடு கூட்டி, மூத்த தலைவர் கிளேயை ஒதுக்கிவிட்டு ஜெனரல் ஹாரிசனை நிறுத்தி, 1840-ல் வான் பியூரனை வீழ்த்தினார்கள்.

1844 மே மாதம், மறுபடியும் பால்டிமோர். இழந்ததை மீட்க வான் பியூரன் வந்தார். முதல் சுற்றில் 266-ல் 146 வாக்கு, அதாவது பாதிக்கு மேல். வேறு எந்த விதியாக இருந்தாலும் அன்றே வேட்பாளர். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அப்போது தனி நாடாக இருந்த டெக்சாஸை உடனே அமெரிக்காவோடு இணைப்பதை அவர் எதிர்த்திருந்ததால் தென் மாநிலங்கள் அவரை விடுவதாக இல்லை. அந்த விதி அவர்கள் கையில் தடுப்புச் சுவராக நின்றது. சுற்று ஏற ஏற அவர் வாக்கு இறங்கியது. எட்டாவது சுற்றில்தான் ஜேம்ஸ் போக் என்ற பெயருக்கு முதல் வாக்குகள் விழுந்தன. டென்னசியில் கவர்னர் பதவிக்கு நின்று இரண்டு முறை தோற்றவர், மாநாட்டுக்கு வராமல் ஊரில் இருந்தவர். ஒன்பதாவது சுற்றில் அவர் வேட்பாளர்.

துணை அதிபருக்கு, வான் பியூரன் ஆட்களைச் சமாதானப்படுத்த, அவருடைய நண்பர் சைலஸ் ரைட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ரைட் வாஷிங்டனில் இருந்தார். சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே போட்ட தந்திக் கம்பி சில நாட்கள் முன்புதான் திறக்கப்பட்டிருந்தது. அதில் செய்தி போனது. முடியாது என்று பதிலும் உடனே வந்தது. கம்பியில் வந்த பதிலை மாநாடு நம்பவில்லை. ஆளை அனுப்பி நேரில் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே, பென்சில்வேனியாவின் ஜார்ஜ் டாலஸை அந்த இடத்துக்குப் போட்டார்கள்.

நவம்பரில் போக் 170-க்கு 105 என்று கிளேயைத் தோற்கடித்தார். வான் பியூரனை வீழ்த்திய அந்த மூன்றில் இரண்டு பங்கு விதியை டெமாக்ரடிக் கட்சி 1936 வரை கைவிடவில்லை. அதற்குள் பல மாநிலங்கள் பிரைமரி நடத்தத் தொடங்கியிருந்தன. அரசமைப்புச் சட்டத்தில் வேட்பாளர் தேர்வைப் பற்றி இன்றும் ஒரு வரி சேர்க்கப்படவில்லை.